ஓர் இரவுக்கு எத்தனை வாட்-மணி?

(வானியல் ஆர்வலர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திப் படமெடுக்கத் தொடங்கியவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், மலைக்குக் கொண்டுபோக எந்த பேட்டரி வாங்கலாம்?" நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. "உங்கள் கருவிகள் ஓர் இரவில் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோரிடம் விடை இருக்காது. விடை தெரியாமல் வாங்கிய பேட்டரி ஒன்று தேவைக்கு மேல் கனமாக அமையும், அல்லது நள்ளிரவில் நின்றுபோகும். பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் உங்கள் இரவை அளந்து பாருங்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

வானத்தைப் பின்தொடர்வதற்கு உண்மையில் எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 1824-இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர், டோர்பாட் வானோக்கு நிலையத்துக்காக 24 சென்டிமீட்டர் லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்றைச் செய்து கொடுத்தார். எஸ்தோனியாவில் இன்று டார்ட்டு என்று அழைக்கப்படும் ஊர் அது. விண்மீன் மேற்கே நகர நகர, அந்தப் பெரிய குழாய் தானாகவே அதன் பின்னால் திரும்பியது. மின்மோட்டார் கிடையாது. எடைக்கல் ஒன்று மெல்ல இறங்கும். அதன் இழுப்பில் கடிகாரப் பொறி ஓடும். 50 கிலோ எடை ஒரு மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 490 ஜூல். இன்றைய கணக்கில் அது 0.14 வாட்-மணி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் பேட்டரி அதைப்போல நூறு மடங்குக்கு மேல் தேக்கி வைத்திருக்கிறது.

ஆக, விண்மீனைப் பின்தொடர்வது மலிவான வேலை. கையால் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கி வைத்துக் கண்ணால் பார்ப்பவருக்குச் சிவப்பு டார்ச் விளக்குக்குமேல் ஒன்றும் தேவையில்லை. ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற சிறிய டிராக்கர், நான்கு பென்டார்ச் செல்களிலேயே ஓடும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி போவது வேறு மூன்று இடங்களில்: கேமராவைக் குளிர்விப்பதில், கணினியில், கண்ணாடியில் பனி படியாமல் தடுப்பதில். மூன்றையும் நம் ஊர்ச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் படிக்கும் நூல்களும் பார்க்கும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாட்டு இரவுகளை மனத்தில் வைத்துப் பேசுபவை.

குளிர்விப்பானை எடுத்துக்கொள்வோம். குளிர்விக்கும் வசதியுள்ள கேமராக்கள் பலவும் சுற்றுப்புற வெப்பத்தைவிட 35 டிகிரி வரை கீழே இறங்கக் கூடியவை. அதற்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை, அதாவது 36 வாட் வரை எடுக்கும். கனடாவில் ஒருவர் 5 டிகிரி இரவில் மைனஸ் 10 வைத்தால் வித்தியாசம் 15 டிகிரிதான். குளிர்விப்பான் சிரமமில்லாமல் ஓடும். மார்ச் மாதத்தில் சமவெளியில் நள்ளிரவிலும் 25 டிகிரி இருக்கும் நம் ஊரில் அதே மைனஸ் 10 வைத்தால் வித்தியாசம் 35 டிகிரி. கருவி தன் எல்லையில் மூச்சுத்திணறும். அந்த எல்லையில் மின்சாரம் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். மின்னோட்டத்தால் குளிர்விக்கும் சில்லுக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் உயர்கிறது. அதில் ஒரு பங்கு குளிர்ந்த பக்கத்துக்கே திரும்பி வருகிறது. கடைசி ஐந்து டிகிரியைப் பெற நாம் கொடுக்கும் விலை, முதல் பத்து டிகிரிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

அந்த விலைக்குப் பயன் இருக்கிறதா? ஒளி படாதபோதும் உணரியில் ஊறும் இருள்மின்னோட்டம் ஏறத்தாழ 6, 7 டிகிரிக்கு ஒருமுறை பாதியாகிறது என்பது உண்மைதான். ஆனால் இன்றைய சீமாஸ் உணரிகளில் பூஜ்யம் டிகிரியிலேயே அது மிகச் சிறியது. நம் வானத்தின் பின்னொளி தரும் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். மூடியை மூடி எடுக்கும் டார்க் ஃப்ரேம்கள் எடுத்த அதே வெப்பநிலையில் படமும் எடுக்கப்பட வேண்டும் என்பதே முக்கியம். எவ்வளவு கீழே போனோம் என்பதல்ல. நம் ஊர்க் கோடை இரவுகளுக்குப் பூஜ்யத்தில் வையுங்கள், 5-இல் வைத்தாலும் குற்றமில்லை என்றே நான் சொல்வேன். குளிர்விப்பான் பாதித் திறனில் ஓடும். பேட்டரியில் கால் பங்கு மிஞ்சும்.

பனி அடுத்தது. தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே கதிர்வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கிய கணத்தில் ஈரம் படிகிறது. ஜவ்வாது மலையில் ஜனவரி இரவுகளைக் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேசை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். எட்டு அங்குல ஷ்மிட்-கேசகிரேன் ஒன்றின் முன்கண்ணாடிக்குச் சூடேற்றும் பட்டை 10 முதல் 20 வாட் கேட்கும். ஆனால் கண்ணாடி பனிநிலையைவிட ஓரிரு டிகிரி மேலே இருந்தால் போதும். கட்டுப்படுத்தி வைத்துப் பாதிக்குக் குறையுங்கள். குழாயின் முன்னால் ஒரு பனிமறைப்பு நீட்டிவிடுங்கள். மறைப்பு மின்சாரமே கேட்காது. நியூட்டோனியன் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் பத்திரமாக இருப்பதால் பெரும்பாலும் இந்தக் கவலை குறைவு.

கணினி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மடிக்கணினியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது 40, 50 வாட் எடுக்கும். அதன் திரை வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரின் இருள் பழகிய கண்ணையும் கெடுக்கும். ராஸ்பெரி பை, ஏசியேர் போன்ற சிறு கணினியோ, 12 வோல்ட்டில் ஓடும் மினி பீசியோ 10 வாட் அளவில் அதே வேலையைச் செய்துவிடும்.

இனி ஓர் இரவைக் கூட்டுவோம். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட், பின்தொடரும் நிலையில் 10 வாட். பூஜ்யத்தில் நிறுத்திய கேமரா, குளிர்விப்பானையும் சேர்த்து 22 வாட். சிறு கணினி 10. பனிப் பட்டைகள் இரண்டும் சேர்ந்து 12. ஃபோக்கசர், வழிகாட்டும் கேமரா, ஹப் எல்லாமாக 4. மொத்தம் 58 வாட். இரவு எட்டு மணி முதல் விடியற்காலை நான்கு வரை எட்டு மணி நேரம், 464 வாட்-மணி. கால் பங்கு கையிருப்பு சேர்த்தால் 580. இதில் சிறு கணினியை எடுத்துவிட்டு மடிக்கணினியை இன்வெர்ட்டர் வழியாக 60 வாட் செலவில் ஓட்டினால், கையிருப்பு சேர்க்காமலே 864 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு பொருளை மாற்றியதில் பேட்டரி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நான் சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே மாட்டும் சிறிய டிசி வாட் மீட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். வீட்டு மொட்டை மாடியில் முழு அமைப்பையும் ஓர் இரவு ஓட்டி, காலையில் மீட்டர் காட்டும் வாட்-மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் எண்.

இப்போது பேட்டரிக்கு வரலாம்.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால் பலருடைய எண்ணம் முதலில் அந்த டியூபுலர் பேட்டரியிடம் போகிறது. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, உள்ளே சிந்தக்கூடிய அமிலம். மலைப்பாதையில் கார் டிக்கியில் அதை வைத்து ஓட்டாதீர்கள். கார் பேட்டரியும் வேண்டாம். அது இஞ்சினைக் கிளப்பச் சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் தர வடிவமைக்கப்பட்டது. மெல்லிய தகடுகள்; ஆழமாக வடித்தால் சீக்கிரம் கெடும். தவிர, விடிந்ததும் கார் கிளம்ப வேண்டும் அல்லவா?

மூடப்பட்ட ஈய-அமில பேட்டரி, கடையில் எஸ்எம்எஃப் என்று கேட்டால் தருவது, மலிவானது, எங்கும் கிடைப்பது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர்-மணியை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால்தான் ஏமாற்றம் இருக்காது. அந்த எண் வழக்கமாக 20 மணி நேரத்தில் மெல்ல வடித்தால் கிடைப்பது. யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 0.35 ஆம்பியர் எடுத்தால் 20 மணி நேரம் ஓடும்; 5 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரம் தாண்டாது. வேகமாக இழுத்தால் குறைவாகத் தரும் இந்தக் குணத்தை 1897-இலேயே பொய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் விதியாக எழுதிவிட்டார். பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. ஆகவே நம் 580 வாட்-மணிக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். எடை சுமார் 30 கிலோ.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேறு இனம். 1997-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பாடி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. குட்இனஃப் 2019-இல் தம் 97-ஆவது வயதில் நோபல் பரிசு பெற்றவர். அந்த ஆய்வேட்டின் முதல் இரண்டு பெயர்கள் இந்தியர்களுடையவை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. முழுக் கொள்ளளவில் பெரும்பகுதியையும் தயங்காமல் பயன்படுத்தலாம். இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். 50 ஆம்பியர்-மணி பேட்டரி 640 வாட்-மணி தரும். எடை ஆறு கிலோ அளவில் இருக்கும். மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. வாங்கும்போது விலை கூடுதல்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். வேறு ஒன்றைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதன் மின்னழுத்தம் இரவின் பெரும்பகுதியில் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். நம் கருவிகளுக்கு அது வரம். ஆனால் வோல்ட்மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, ஈய-அமிலத்தில் 12.7 முழுமை, 12.1 பாதி என்று கணிப்பது போல இங்கே நடக்காது. கடைசி நேரத்தில் மின்னழுத்தம் சட்டென்று விழும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எனவே எடுத்த மின்சாரத்தைக் கணக்கு வைக்கும் மீட்டரை நிரந்தரமாகவே மாட்டிவிடுங்கள். சார்ஜரும் இந்த இனத்துக்கு உரியதாக, 14.4 முதல் 14.6 வோல்ட் தருவதாக இருக்கட்டும்.

மூன்று லித்தியம் அயான் செல்களைத் தொடராகச் சேர்த்து "12 வோல்ட்" என்று விற்கப்படும் மலிவான பொட்டலங்களைத் தவிருங்கள். அவை முழுதாக இருக்கும்போது 12.6, பாதியில் 11.1, தீரும்போது 9 வோல்ட். மவுண்ட் பாதி வழியிலேயே மறுத்துவிடும்.

இங்கேதான் முக்கியமான செய்திக்கு வருகிறேன். "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்லப்படும் இரவுகளில் பலவற்றில் பேட்டரி தீரவே இல்லை. மின்னழுத்தம் வழியில் தொலைந்துபோனது. ஈக்யூ6-ஆர் மவுண்டுக்கு 11 முதல் 16 வோல்ட் வேண்டும். வேகமாகத் திரும்பும்போது 4 ஆம்பியர் வரை கேட்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.017 ஓம். மூன்று மீட்டர் ஒயர் என்றால் மின்சாரம் போய் வர ஆறு மீட்டர், தடை 0.1 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போயிற்று. அடாப்டருடன் வரும் மெல்லிய ஒயர் அரை சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு வோல்ட் போகும். கார் சிகரெட் லைட்டர் பிளக்கின் தளர்ந்த தொடுமுனையில் இன்னும் கொஞ்சம். ஈய-அமில பேட்டரி பாதி வடிந்து 12-இல் நிற்கிறது என்று வையுங்கள். மவுண்டின் வாசலில் 11-க்குக் கீழே வந்துவிடும்.

அது எப்போது வெளிப்படும்? மெரிடியன் ஃப்ளிப்பின்போது. படமெடுக்கும் பொருள் உச்சிக்கோட்டைத் தாண்டியதும் மவுண்ட் மறுபக்கம் புரண்டு திரும்ப வேண்டும். அமைதியாக முக்கால் ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நான்கு கேட்கிறது. அதே ஒயரில் தொங்கும் கேமராவும் கணினியும் அந்தக் கணத்தில் இணைப்பை இழக்கின்றன. மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டு மூன்று மாதம் தேடுபவர்கள் உண்டு. மவுண்டின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஸ்கை-வாட்சர் மவுண்டுகளில் அது சிமிட்டினால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். மருந்து எளிது. 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்கி, தேவைக்கு மேல் நீளம் வைக்காமல் வெட்டுங்கள். மூன்று மீட்டரில் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். மவுண்டுக்குத் தனி ஒயர், கேமராவுக்கும் கணினிக்கும் தனி ஒயர். சிகரெட் லைட்டர் பிளக்குக்குப் பதில் எக்ஸ்டி60 அல்லது ஆண்டர்சன் இணைப்பு.

ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ் போடுங்கள். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் பிளேடு ஃப்யூஸ் போதும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பாதுகாப்பானதுதான், ஆனால் இரண்டு ஒயர் ஒன்றையொன்று தொட்டால் அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். பாதுகாப்புச் சுற்று வேலை செய்யாவிட்டால் ஒயர் சிவக்கும். நாம் மலைக்குப் போகும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீயின் காலம் அது.

கிராமத்து வீடொன்றிலிருந்து 230 வோல்ட் இழுத்துக்கொள்ளலாமே என்பார்கள். பனியில் நனைந்த புல்தரையில், இருட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் மின்கசிவில் உடனே துண்டித்து உயிர்காக்கும் ஆர்சிசிபி வழியாக மட்டும் எடுங்கள். ஜெனரேட்டரின் சத்தத்தையும் புகையையும் அதிர்வையும் அருகில் இருப்பவர்கள் மீது சுமத்துவது முறையல்ல. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரால் 230 ஆக்கி, அடாப்டரால் மீண்டும் 12 ஆக்குவதும் வீண். ஒவ்வொரு படியிலும் பத்து சதவீதத்துக்கு மேல் வெப்பமாகப் போகிறது. நேராக 12 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள்.

எல்லாம் உள்ளடக்கிய பவர் ஸ்டேஷன் பெட்டிகள் வசதியானவை. வாங்கும்முன் ஒன்றைக் கேளுங்கள்: 12 வோல்ட் வெளியீடு நிலைப்படுத்தப்பட்டதா, எத்தனை ஆம்பியர் தரும்? பவர் பேங்கில் எழுதியிருக்கும் மில்லிஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 20,000 என்றால் 74 வாட்-மணி. சிறிய டிராக்கருக்குத் தாராளம். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம் எடுத்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வீட்டில் சோதித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஹான்லே. இங்கே பலருடைய கனவு அது என்று தெரியும். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கும் இடம்; 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; 2023 முதல் ஆர்வலர்களுக்கான ஸ்டார் பார்ட்டியும் நடக்கிறது. லே வரை விமானத்தில்தான் பெரும்பாலோர் போவோம். லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பதிவுசெய்யும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஒருவர் இரண்டு எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் இல்லை. நம் 640 வாட்-மணி பேட்டரி சென்னையிலேயே நின்றுவிடும்.

அதற்காக மனம் தளர வேண்டாம். 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி 153 வாட்-மணி. இரண்டு சேர்ந்தால் 306. அங்கே செப்டம்பர் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதால் குளிர்விப்பான் ஏறக்குறைய சும்மா இருக்கும். கேமராவுக்கு 5 வாட் போதும். காற்று வறண்டது, பனிப் பட்டைக்கு 3 வாட் வைத்தாலே அதிகம். மவுண்ட் 10, கணினி 10, மற்றவை 4. மொத்தம் 32 வாட். எட்டு மணி நேரத்துக்கு 256 வாட்-மணி. இங்கே போதாத பேட்டரி அங்கே போதும். விமானத்தில் கொண்டுபோகும் பேட்டரியின் மேல் வாட்-மணி தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனையில் நிறுத்துவார்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அனுமதியைப் பயணத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறைகுளிரில் லித்தியம் பேட்டரி மின்சாரம் கொடுக்கும், ஆனால் வாங்கக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். விடியற்காலை கருவிகளைக் கட்டியதும் பேட்டரியைத் தங்குமிடத்துக்குள் கொண்டுபோய், இரண்டு மூன்று மணி நேரம் அறைச்சூட்டில் வையுங்கள். தொட்டுப் பார்த்துச் சில்லிப்பு போன பிறகு சார்ஜரை மாட்டுங்கள்.